சில சமயம் மட்டும் நடுங்கும் பிக்கப்: ஐட்லிங் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மெக்கானிக் முன்னால் நிறுத்தினால் மட்டும் வண்டி சமர்த்தாகிவிடும். வழியெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் நடுங்கி, ரெண்டு தடவை ஆஃப் ஆகி, பின்னால் நிற்பவன் ஹாரனில் கையை வைத்து அழுத்தும்படி செய்த அதே பிக்கப், பட்டறை வாசலில் தையல் மெஷின் மாதிரி ஓடும். அவர் பானெட்டைத் தூக்கி ஐந்து நிமிஷம் காதைக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்பார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் பார்க்கும்போது அது நல்லாத்தான் இருக்கிறது.

விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க வண்டிக்காரரைவிடத் தோதான ஆள் கிடையாது, ஏனென்றால் அது வரும்போது பக்கத்தில் இருப்பவர் அவர்தான். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜின், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கேபிள் வைத்த ஆக்சிலேட்டர் உள்ள பழைய பிக்கப்புக்கு. கார்புரேட்டர் வண்டிக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. டீசல் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

முதலில், ஐட்லிங்கில் என்ன நடக்கிறது

ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடுவதுதான் ஐட்லிங். காலை எடுத்ததும், இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். இன்ஜின் அணையாமல் இருக்கத் தேவையான கொஞ்சக் காற்று, தட்டைச் சுற்றிப் போகும் ஒரு சின்னச் சந்து வழியாக உள்ளே போகிறது. அந்தச் சந்தை எவ்வளவு திறப்பது என்று பார்த்துக்கொள்வது ஐஏசி வால்வு. அதற்கு உத்தரவு போடுவது கம்ப்யூட்டர். சூடேறிய இன்ஜின் பொதுவாக 600 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் நிற்கும். குளிர்ந்த இன்ஜின் முதல் சில நிமிஷம் 1,000, சில வண்டிகளில் 1,500 வரைகூட ஓடும். அது கோளாறு இல்லை.

இந்த நேரத்தில் இன்ஜின் இழுக்கும் காற்று ரொம்பக் கம்மி. அதனால் ஒரு ஹோஸில் தீக்குச்சி அளவு ஓட்டை இருந்தாலும் கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும். அதே ஓட்டையோடு 3,000 ஆர்பிஎம்மில் போனால் ஒன்றுமே தெரியாது. "ரோட்டுல பறக்குது, நின்னாத்தான் பிரச்சினை" என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பேனா

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் நாலு விஷயம் எழுதுங்கள்: இன்ஜின் சூடா குளிரா, ஏசி போட்டிருந்ததா, எந்த கியர், கடைசியாக என்ன செய்தீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். பிரேக் மிதித்தீர்களா, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினீர்களா, பெட்ரோல் போட்டுவிட்டு அப்போதுதான் கிளம்பினீர்களா, மழையா, நீண்ட ஓட்டத்துக்குப் பின் பத்து நிமிஷம் நிறுத்தி எடுத்தீர்களா. "சும்மா திடீர்னு வந்துச்சு" என்று எழுதினால் அந்த வரியால் பிரயோசனமில்லை.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் பிக்கப் ஆட்டோமேட்டிக். ரெண்டு மாதம் என்னைப் படுத்தியது. யாரோ சொன்னார்கள் என்று ஐஏசி வால்வை மாற்றினேன். பிளக் மாற்றினேன். ஃப்யூயல் ஃபில்டர் மாற்றினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ரெண்டு நாள் நன்றாக ஓடி நம்பிக்கை கொடுக்கும், மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் வெறுத்துப்போய் எழுத ஆரம்பித்தேன். பதினோரு வரி சேர்ந்தபோது ஒருநாள் படித்துப் பார்த்தால், ஒன்பதில் ரிவர்ஸ் என்று இருந்தது. பார்க்கிங்கிலிருந்து பின்னால் எடுக்கும்போது.

ரிவர்ஸ் போட்டால் இன்ஜினில் என்ன மாறும்? டிரைவில் ஒரு பக்கம் சாயும் இன்ஜின், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். நண்பர் ஒருவரை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, நான் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், ரிவர்ஸ் விழுந்ததும் லேசாக இழுபட்டது. அதன் அடிப்பக்கத்து மடிப்பு ஒன்றில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. இன்ஜின் சாயும்போது மீன் வாய் மாதிரி திறந்தது, கியரை எடுத்ததும் மூடிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் குழாய் புத்தம் புதுசு போல இருக்கும். அடியில் கைவிட்டுத் தடவியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

நடுக்கம் எத்தனை வகை

எல்லாவற்றையும் "ஐட்லிங் சரியில்ல" என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஆர்பிஎம் முள் 600க்கும் 1,200க்கும் இடையே ஊஞ்சலாடினால் பெரும்பாலும் காற்றுக் கணக்குப் பிரச்சினை: வேக்குவம் லீக் (கணக்கில் வராத காற்று ஓட்டை வழியாக உள்ளே புகுவது), ஐஏசி, சில வண்டிகளில் கூலன்ட் குறைவு. முள் ஆடாமல் நிற்கிறது, ஆனால் இன்ஜின் "டுக்... டுக்" என்று விட்டு விட்டு அடிக்கிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, பிளக், ஒயர், காயில், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். வேகத்திலிருந்து நிறுத்த வரும்போது மட்டும் பொத்தென்று அணைந்தால் த்ராட்டில் பாடி அழுக்கோ, ஐஏசி மந்தமோ இருக்கலாம். முள் உயரமாகவே மாட்டிக்கொண்டால் முதலில் ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கத்தையும், கார்பெட் பெடலில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான்.

இன்னொன்று: முள்ளும் ஆடவில்லை, சத்தமும் சீராக இருக்கிறது, கேபின் மட்டும் அதிர்கிறது என்றால் குற்றவாளி இன்ஜினைத் தாங்கும் ரப்பர், அதாவது இன்ஜின் மவுன்ட். ஐட்லிங்கைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சோதனை ஆரம்பிக்கும் முன்

திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தொங்கும் துணி, நீளமான கழுத்துச் செயின், கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். மின்சார ஃபேன் இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் தானாகச் சுற்றும்.

படி 1: காற்று எங்கே ஒழுகுகிறது

வேலையைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை, செலவும் கிடையாது. இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் கண்ணால் பார்க்காதீர்கள், கையால் பாருங்கள். நுனியைக் கிள்ளி வளையுங்கள். நல்ல ரப்பர் வளைந்து திரும்பும். செத்த ரப்பர் பிஸ்கட் மாதிரி வெடிக்கும், இல்லையென்றால் எண்ணெய் ஊறிச் சப்பாத்தி மாவு போல இருக்கும். ஹோஸ்கள் நடுவில் வெடிப்பது அபூர்வம். மாட்டியிருக்கும் நுனியிலும் வளைவிலும்தான் போகும்.

பிறகு பிசிவி வால்வு, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு. கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறந்த நிலையில் ஒட்டிய பிசிவி, ஒரு நிரந்தர ஓட்டைக்குச் சமம். அதற்குப் போகும் எல்போ ஹோஸ் சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி முதலில் கெடும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஐட்லிங் மாறுகிறதா? பெடல் மிதிக்கு வேக்குவத்தால் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர் அல்லது அதன் தடித்த ஹோஸில் லீக் இருக்கலாம். உள்ளே பெடல் பக்கம் "ஸ்ஸ்" என்று சத்தம் கேட்டால் சந்தேகம் உறுதி. இது ஐட்லிங்கோடு நிற்கிற விஷயம் இல்லை, பிரேக் பிடிப்பையே பாதிக்கும். உடனே சரிசெய்ய வேண்டியது.

கண்ணுக்குத் தப்பும் லீக்குக்கு ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரம், இன்ஜெக்டர் அடிப்பக்க ரப்பர் வளையம், ஹோஸ் மூட்டு என்று ஒவ்வோர் இடமாகக் கொஞ்சம் பீச்சுங்கள். லீக் உள்ள இடத்தில் பட்டதும் சத்தம் ஒரு நொடி மாறும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடுபவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸாஸ்டும் பழைய பிளக் ஒயரும் பக்கத்தில் இருக்கும்போது எரியும் திரவத்தைப் பீச்சுவதைப் புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வேக்குவம் கேஜ் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேனிஃபோல்டில் நேரடி வேக்குவம் வரும் ஒரு குழாயில் மாட்டுங்கள். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், முள் அசையாமல். மேலே போகப்போக 1,000 அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். மலைப்பகுதியில் இருப்பவர் 15ஐப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முள் தாழ்ந்து ஒரே இடத்தில் நின்றால் லீக் அல்லது இக்னிஷன் டைமிங் பிந்தல். சீரான இடைவெளியில் ஒரே மாதிரி சட்டென்று விழுந்து எழுந்தால், ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கொள்ளலாம். அப்போது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்க வேண்டும்.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் தொந்தரவு என்று நோட்டு சொன்னால், டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கார்பன் கேனிஸ்டரிலிருந்து, அதை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த கையோடு, வால்வின் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி அந்த வாயில் விரலை வையுங்கள். அந்த நேரத்தில் மூடியிருக்க வேண்டிய வால்வு விரலை இழுத்தால், டேங்கின் ஆவியை எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: அழுக்கு

இன்டேக் குழாயைக் கழற்றி த்ராட்டில் தட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். தட்டின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் கறுப்பாகப் பிசுக்கு படிந்திருக்கும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சந்துகளுக்குப் பழைய டூத் பிரஷ். ஐஏசி வால்வைக் கழற்றி அதன் கூம்பு முனையையும், அது உட்காரும் துளையையும் சுத்தம் செய்யுங்கள். முனையைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது, உள்ளே இருக்கும் பல் நசுங்கும். மோட்டார் பக்கத்தைக் கிளீனரில் ஊற வைக்கவும் கூடாது.

சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் திடீரென்று ஏறி நிற்கலாம். அழுக்குக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த கணக்கு அது. பேட்டரி நெகட்டிவைப் பத்து பதினைந்து நிமிஷம் கழற்றி மாட்டி, ஏசி, விளக்கு எதுவும் போடாமல் இன்ஜின் சூடேறும்வரை ஓட விட்டால் பல வண்டிகள் புதுக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியென்றால் அதன் மெல்லிய கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடாதீர்கள். அதற்கென்றே விற்கும் கிளீனரை அடித்து, முழுசாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இதற்குத் த்ராட்டில் பாடி கிளீனர் ஆகாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. த்ராட்டில் பாடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ, தட்டு முழுசாக மூடாமல் தாங்கிக்கொண்டிருக்கும். ஐட்லிங் குறைகிறதே என்று அதைத் திருகி ஏற்றிவிடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. திருகாதீர்கள். தட்டு மூடிவிட்டது என்ற தகவலே கம்ப்யூட்டருக்குப் போகாமல் போய், ஒரு கோளாறு ரெண்டாகும். உங்களுக்கு முன் யாராவது திருகியிருந்தால் ஸ்க்ரூ தலையில் கீறலும், உடைந்த பெயின்ட்டும் காட்டிக்கொடுக்கும்.

படி 3: எர்த்தும் ஒயரும்

பழைய வண்டியில் பேய் பிடித்த மாதிரி நடப்பதில் பாதி, எர்த் சரியில்லாததால். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் பாடிக்கும் போகும் பட்டை ஒயர்களைக் கண்டுபிடித்துக் கழற்றி, துருவைத் தேய்த்து இறுக்குங்கள். நிச்சயப்படுத்த மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஹீட்டர் ஃபேனும் போட்டுவிட்டு, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் மேல் சந்தேகப்படலாம். பேட்டரி முனைகளுக்கு இடையே 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது.

அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சென்சாரின் கனெக்டரையும் ஒயரையும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஃபேன், பெல்ட், பிளக் ஒயர் பக்கம் கை போக வேண்டாம். ஓர் இடத்தில் தொட்டதும் இன்ஜின் தடுமாறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஈரத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு (ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரியாமல் போவது) இருட்டில் பானெட்டைத் திறந்து, பிளக் ஒயர்கள் மேல் பனி போலத் தண்ணீர் பீச்சித் தள்ளி நின்று பாருங்கள். கசியும் ஒயரில் நீலப் பொறி ஓடும்.

படி 4: ஸ்கேனர் சொல்வதைப் படிப்பது

அமெரிக்காவில் 1996 முதல் விற்ற பிக்கப்களில், கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் கோளாறுகளை ஸ்கேனரில் படிக்க உதவும் ஓபிடி 2 கட்டாயம். டேஷ்போர்டுக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். மற்ற நாட்டு வண்டிகளுக்கு இது சில வருஷம் தள்ளி வந்தது. அதற்கு முந்தையவற்றில் ரெண்டு முனைகளை இணைத்து விளக்குச் சிமிட்டலை எண்ணும் முறை உண்டு. எந்த முனைகள் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்த பிறகே இணையுங்கள்.

கோளாறு எண் (கோடு) எதுவும் வரவில்லை என்று ஸ்கேனரை மூடிவைத்துவிடாதீர்கள். ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது. கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஐட்லிங்கில் கூட்டல் 18, 20 என்று நின்று, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் காற்று லீக். மறுபடி படி 1. வேகம் கூடக்கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், அல்லது காற்றைக் குறைத்துச் சொல்லும் மாஃப். மாஃபுக்குப் பதில் மேப் சென்சார் (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) வைத்த வண்டியில் லீக் இருந்தால் ட்ரிம் பெரிதாக ஏறாது, ஆர்பிஎம்தான் ஏறும். இது தெரியாமல் பலர் ஏமாறுவார்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். ரெண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனர் இல்லையென்றால் கூலன்ட் சென்சாரை ஓம் மீட்டரில் பார்க்கலாம்: பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் சிக்னல் ஒயரில், பெடல் விட்ட நிலையில் அரை வோல்ட் அளவில் தொடங்கி முழுசாக மிதிக்கும்போது நாலரை வோல்ட் பக்கம் சீராக ஏற வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் தவறி விழுந்து எழுந்தால், உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது.

படி 5: சூடானால் மட்டும் வருவது

முதலில் கூலன்ட் மட்டம், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. சில பழைய வண்டிகளில் கூலன்ட் த்ராட்டில் பாடி வழியாகவும் ஓடி அங்கிருக்கும் ஏர் வால்வைச் சூடாக்கும். மட்டம் குறைந்து காற்றுக் குமிழ் அடைத்தால் வால்வு இன்னும் குளிர் என்று நினைத்துத் திறந்தே இருக்கும், முள் ஊஞ்சலாடும். ரெண்டு டம்ளர் கூலன்ட்டில் தீரும் கோளாறுக்கு த்ராட்டில் பாடியையே மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது, எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு. ஐட்லிங்கில் அது மூடியிருக்க வேண்டும். ஒரு துணுக்குக் கார்பன் இடையில் மாட்டினால் எக்ஸாஸ்ட் உள்ளே வந்து இன்ஜின் திக்கித் திணறும். அந்தத் துணுக்கு தானே விழுந்ததும் எல்லாம் சரியாகும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட்டோடு மாட்டுங்கள்.

சூட்டில் சட்டென்று அணைந்து, அரை மணி ஆறிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது என்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) அல்லது இக்னிஷன் மாட்யூல் (பிளக் பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) பக்கம் பாருங்கள். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸையும் ஒருமுறை கழற்றி முகருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃபிரம் கிழிந்துவிட்டது.

ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போதோ ஏசி ஏறும்போதோ மட்டும் அணைந்தால், சுமை ஏறுகிறது என்ற செய்தி கம்ப்யூட்டருக்குப் போகவில்லை, அல்லது போயும் ஐஏசியால் ஈடுகொடுக்க முடியவில்லை. பவர் ஸ்டியரிங் குழாயில் இருக்கும் பிரஷர் ஸ்விட்சின் கனெக்டரைப் பாருங்கள். எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

கார்புரேட்டர் வண்டிக்கு

வேக்குவம் லீக், இக்னிஷன் சோதனைகள் அப்படியே பொருந்தும். கூடுதலாக, சாவியை எடுத்ததும் ஐட்லிங் பெட்ரோலை நிறுத்தும் ஐட்லிங் கட்-ஆஃப் சோலனாய்டு: சாவியைப் போட்டு எடுக்கும்போது "டிக்" என்று சத்தம் வர வேண்டும், அதன் ஒயர் லூசாக இருந்தால் வண்டி விட்டு விட்டு அணையும். ஐட்லிங் ஜெட்டில் மாட்டிய தூசி இன்னொரு வழக்கமான காரணம். காற்றடித்து எடுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மிக்சர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன், எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதிவிடுங்கள்.

சரியானதா என்று எப்படித் தெரியும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, திரும்பி வரும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மாற்றிய பிறகு, நோட்டில் எழுதிய அதே நிலைமையை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். நான் குழாயை மாற்றிய அன்று சாயங்காலம் பார்க்கிங்கில் முப்பது தடவை ரிவர்ஸ் எடுத்தேன். எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.